மடங்காத முழங்கை

மோர்னிங்சைட்
19 ஒக்ரோபர் 1986

அன்பின் அக்காவுக்கு,

தாங்ஸ்கிவிங் அன்று உங்கள் மேசையில் நான் சொன்னது பிடிக்கவில்லை என்று, நான் எடுக்கும்போதெல்லாம் ரெலிபோனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிக்க முதல் வாசியுங்கள்.

நான் அந்தப் பேஸ்போல் ரீமின் மனேஜர். அந்தத் தலையிடியை வேறு ஒருவரும் எடுக்காததால் மனேஜர். அடுத்த சீசனுக்கு யார் யார் என்று மார்ச்சுக்கு முதல் லீக்குக்குச் சொல்ல வேண்டும். அத்தானைப் பந்து எறிகிற முதல் பிச்சராக இன்னொரு சீசன் வைத்திருப்பதா, இல்லையா? என் பதில் இல்லை. அவர் உங்கள் புருசன் என்பது இதில் சேராது.

விளக்கம் சொல்கிறேன். பேஸ்போலில் பந்து நிலத்தில் குத்தி எழும்பாது. நேரே அடிக்க நிற்கிற பற்றரிடம் போகவேண்டும். அதற்குத் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சவுக்கு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அவிழ வேண்டும். அத்தானோ யாழ்ப்பாணத்தில் கல்லூரிக்கு வேகப்பந்து போட்டவர். கிரிக்கெற்றில் முழங்கை மடங்கினால் அது எறி. அம்பயர் கையை நீட்டிவிடுவார், முழு மைதானமும் கூவும். அந்த வெட்கம் இன்னும் அவருடைய எலும்புக்குள் இருக்கிறது. "அத்தான், மடக்குங்கோ, இஞ்ச எறியத்தான் வேணும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "டேய், கள்ளப்பந்து போடச் சொல்லுறியோ?" என்பார்.

முதல் வருசம் அந்த விறைத்த கைதான் எங்களைக் காப்பாற்றியது, இல்லை என்று சொல்லவில்லை. காற்றாடி மாதிரிச் சுற்றி உச்சியிலிருந்து வந்த பந்து இந்த ஊர்ப் பற்றர்களுக்குப் பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டுவிட்டது. இந்தக் கோடையில் வேகமும் போய்விட்டது. கடைசி மட்சில் பந்து பற்றருக்குப் பின்னால் இருக்கிற கச்சரிடம் உருண்டு போனது. தோளைத் தடவிக்கொண்டு நிற்கிறார். மூட்டு வேலை செய்யாத தண்டை மூன்று வருசம் சுழற்றினால் பேரிங் தேயும். பிறம்ரனில் வேலையிடத்தில் நான் நாள் முழுக்கப் படமாகக் கீறுகிறது பம்புகளுக்கான தண்டும் பேரிங்கும்தான். எனக்குத் தெரியும். இது பொறியியல். பகை இல்லை.

என் வேலையிடத்தில் யோசப் என்று ஒரு பெடியன் இருக்கிறான். வரச் சம்மதம். அவனுக்கு முழங்கை மடங்கும்.

தம்பி
அன்புராசா

~

விட்பி
27 ஒக்ரோபர் 1986

தம்பி அன்பு,

கிழிக்கவில்லை. வாசித்தேன். நல்ல வடிவான கையெழுத்து.

நீ சொன்னது பிழை என்று நான் எப்போது சொன்னேன்? எனக்குப் பேஸ்போல் தெரியாது. எனக்குத் தெரிந்தது, ரீம் பெடியள் முழுப்பேரும் என் வீட்டில் இருக்க, இவர் வெட்டிப் பரிமாறின வான்கோழியை வாய்க்குள் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "அத்தான்ர காலம் முடிஞ்சுது." எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு குசினிக்குள் வந்து, பைப்பைத் திறந்துவிட்டு, ஒன்றும் கழுவாமல் நின்றார்.

ஃபக்ரறியில் இவருடைய பஸ்ரியன் என்ற பேர் ஒருவருக்கும் வாயில் வராது. "ஹேய்" என்று கூப்பிடுகிறார்களாம். எண்பத்து நாலில் நாங்கள் வந்த புதிதில், பாசை தெரியாமல், அந்தப் பார்க்கின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனது நீதானே? ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து எறிகிற அந்த மண்மேட்டில் ஏறி நிற்கும்போது மட்டும்தான், தம்பி, இந்த நாட்டில் ஆட்கள் இவரை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதைக் கழற்றுவதற்கு வான்கோழி வேளைதான் கிடைத்ததா?

கை நோகிறது என்பது உண்மை. வலப்பக்கம் சரிந்து படுக்கமாட்டார். சேட்டுத் தெறி பூட்டத் தடுமாறுகிறார். நான் பூட்டப் போனால் சத்தம் போடுகிறார். வருகிற கிழமை டொக்டரிடம் கூட்டிப்போகிறேன், உன் பேரிங்கைப் பார்க்க.

நீ அவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை ரெலிபோன் எடுக்காதே.

கோபத்தோடு,
உன் அக்கா கிளடிஸ்

~

விட்பி
24 நவம்பர் 1986

அன்பு,

இனி வீட்டு முகவரிக்கு எழுதாதே. என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பேர்ணடெற்றின் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. ரெலிபோனும் வேண்டாம். அது குசினிச் சுவரில். இவர் பக்கத்திலேயே இருப்பார்.

பேரிங் இல்லை, தம்பி.

தோளுக்கு எடுத்த படத்தில் நெஞ்சின் உச்சியில் ஒன்று தெரிந்தது. சுவாசப்பையின் மேல் நுனியில் கட்டி. அது கைக்குப் போகும் நரம்பை அமத்துகிறதாம். அதனால்தான் தோள்நோ, அதனால்தான் விரல்களில் பெலன் இல்லை. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். கான்சர். வெட்டி எடுக்க முடியாதாம்.

டொக்டர் இங்கிலிசில் சொன்னார். இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?"

"நெஞ்சில பழைய சளி கட்டியாயிருக்காம். சூடு பிடிச்சாக் கரையுமாம்" என்றேன்.

டொக்டர், "சொல்லிவிட்டீர்களா?" என்று என்னைக் கேட்டார். "யெஸ்" என்றேன். ஒரு வாயால் இரண்டு பக்கமும் பொய்.

நீ குதிப்பாய், தெரியும். இவருடைய அண்ணருக்கு ஊரில் ஆஸ்பத்திரியில் அந்தப் பேரைச் சொன்ன அன்று பின்னேரமே, மனிதன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது. கஞ்சி இறங்கவில்லை. பெண்சாதி கூப்பிடவும் திரும்பவில்லை. மாதம் முடிய முதல் போய்விட்டார். நோய் அவ்வளவு கெதியாகக் கொல்லவில்லை, அந்தப் பேர்தான் கொன்றது. இவரும் அதே வயிற்றில் பிறந்தவர்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இவரை வைத்திரு. எறிய முடியாவிட்டாலும் காரியமில்லை. "அடுத்த சீசனும் நீங்கள்தான்" என்று உன் வாயால் சொல். பெடியளுக்குக் காரணம் தெரியக்கூடாது. இவருக்குப் பார்த்துக்கொண்டிருக்க, சீசன் தொடங்குகிற ஒரு மே மாதம் வேணும்.

அக்கா

~

மோர்னிங்சைட்
2 டிசம்பர் 1986

அக்கா,

வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் வாசித்தேன். பிறகு கழிவறைக்குள் போய் நின்றேன். அதைப்பற்றி எழுத வேண்டாம்.

ஓகஸ்டில் அவர் தோள் நோகுது என்றபோது, ஒரு கடதாசியில் தோள்மூட்டைக் கீறி, இங்கேதான் தேய்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். "எண்ணெய் பூசுங்கோ, முழங்கையை மடக்குங்கோ" என்றேன். அந்தக் கடதாசியை மடித்து பேர்சுக்குள் வைத்தார்.

நீங்கள் செய்வது பிழை. அது அவருடைய உடம்பு. அதுக்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் எனக்கும் பேர்ணடெற்றுக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. இது எந்த ஊர் நியாயம்?

ஆனால் கேட்டதைச் செய்தேன். சனிக்கிழமை அருள்நாயகம் அண்ணையின் மீன்கடையில், கடை பூட்டினபிறகு, ரீமைக் கூட்டினேன். எங்களுக்குச் சேட்டு வாங்கித் தருகிறவர் அவர்தான். கடைசிச் சொல்லும் அவருடையதுதான். அத்தான் கதவடியில் ஐஸ்பெட்டியில் சாய்ந்து நின்றார், தீர்ப்புக்கு வந்தவர் மாதிரி.

"அடுத்த சீசனும் அத்தான்தான் முதல் பிச்சர்" என்றேன்.

அருள்நாயகம் அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். "என்னடாப்பா, போன மாசம் கிழவனைக் கழட்டவேணுமெண்டு நிண்டனி?"

"கணக்குப் பிழைச்சுப்போச்சு, அண்ணை."

"இவனுக்குக் கணக்குப் பிழைச்சதோ? டேய், ஆராவது ஓடிப்போய்க் கோயில் மணியை அடியுங்கோடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் என்னிடம் வந்தார். வலது கையைத் தர எடுத்தார், அது பாதியில் நின்றது, இடது கையைத் தந்தார்.

அன்பு

~

விட்பி
18 ஜனவரி 1987

அன்பு,

நாங்கள் இரண்டு பேரும் பெரிய பிழை விட்டிட்டம்.

உன் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து இவர் புது மனிதன். சாப்பிடுகிறார். பேஸ்மெந்தில் சுவரில் சோக்கால் சதுரம் கீறி, சப்பாத்துக்குள் போடும் கால்மேசுகளைப் பந்தாகச் சுருட்டி எறிகிறார். எப்படி எறிகிறார் தெரியுமா? முழங்கையை மடக்கி. "அன்பு என்னில நம்பிக்கை வச்சிட்டான், அவன் சொன்னமாதிரி இந்தமுறை மடக்கிப் பாக்கப்போறன்" என்கிறார். கால்மேசு விரலில் நிற்பதில்லை. பாதி அவருடைய காலடியிலேயே விழுகிறது. நான் உடுப்புத் தோய்க்கிற சாட்டில் போய்ப் பொறுக்கிக் கொடுக்கிறேன்.

இந்தக் கிழமை கதிர்வீச்சுத் தொடங்க வேண்டும். டவுன்ரவுணில், கிழமைநாள் எல்லாம் போய்வர வேண்டும். நான் சூடு பிடிக்கிறது என்றுதானே சொல்லியிருக்கிறேன். "சூடு பிடிச்சா கை என்னமாதிரியிருக்கும்?" என்று கேட்கச் சொன்னார். டொக்டர், தோல் வேகும், களைக்கும், கொஞ்சக் காலம் சோர்ந்து இருப்பார் என்றார். அதையாவது உண்மையாகச் சொல்லுவோம் என்று அப்படியே சொன்னேன்.

"அப்ப வேண்டாம். சீசன் முடியட்டும். செப்ரெம்பரில பாப்பம். சளிதானே, எங்க ஓடப்போகுது?"

சளி என்று சொன்னது நான். சீசன் என்று சொன்னது நீ. அவர் இரண்டையும் சேர்த்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். செப்ரெம்பர் இவருக்கு இல்லை, அன்பு. கதிர்வீச்சு எடுத்தாலும் மாறாதாம். நோவாவது குறையும், சில மாதங்கள் கூடும் என்கிறார்கள். எடுக்காவிட்டால் அந்தக் கட்டி முதுகெலும்புக்குள் போய்விடும், கிடையில் கிடந்து கத்துவார்.

இவரைக் கழற்றிவிடு.

அக்கா

~

மோர்னிங்சைட்
24 ஜனவரி 1987

அக்கா,

கழற்று, பூட்டு, கழற்று. நான் என்ன சாவியா?

ஒரேயொரு வசனம் போதும். "உங்களுக்குக் கான்சர், இந்தச் சூடு எடுத்தே ஆகவேணும்." நீங்கள் சொல்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் நான் ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன். பொய்யில் கட்டினது சரிந்தால் இன்னொரு பொய்யை முண்டு கொடுக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

அன்பு

~

விட்பி
29 ஜனவரி 1987

அன்புராசா,

நீ அந்த வசனத்தைச் சொன்னால் எனக்குத் தம்பி இல்லை. இது வெருட்டு இல்லை. நீ வசனத்தைச் சொல்லிவிட்டு மோர்னிங்சைட்டுக்குப் போய்விடுவாய். சுவரைப் பார்த்துத் திரும்பின முதுகோடு ஒரு கட்டிலில் படுக்கப்போகிறது நான்.

மிச்சமிருக்கிற மாதங்களை இவர் சுவரைப் பார்த்துக் கழிக்கக்கூடாது. உன்னில் கோபப்பட்டுக் கழிக்கட்டும். கோபம் வந்தால் இவர் நன்றாகச் சாப்பிடுவார்.

நான் சொன்னால் நம்பமாட்டார், பெண்சாதி ஏதோ சாட்டுச் சொல்கிறாள் என்பார். அருள்நாயகம் அண்ணை சொன்னால் சமாதானம் பேசுவார். உன் வாய் எப்படிப்பட்டதென்று ஊருக்கே தெரியும். நீ சொன்னால் நம்புவார். கடவுள் உனக்கு அந்த வாயை இதற்குத்தான் தந்தார் என்று நினைத்துக்கொள்.

அக்கா

~

மோர்னிங்சைட்
8 பெப்ரவரி 1987

அக்கா,

செய்தாச்சு.

பிளாசாவில் இருக்கிற டோனற் கடைக்கு வரச்சொன்னேன். யோசப்பையும் அருள்நாயகம் அண்ணையையும் பக்கத்தில் இருத்தினேன். தனியாகச் சொன்னால் அவர் என்னைப் பேசிச் சரிக்கட்டிவிடுவார் என்று பயம். அவர் கோப்பையை இடக்கையால் தூக்கினார். "மடக்கப் பழகிட்டன் தெரியுமோ?" என்றார், நான் வாய் திறக்க முதல்.

"அத்தான், இந்த சீசன் யோசப்தான் பிச்சர்."

"முதல் பிச்சர் ஆர்?"

"அவன்தான். நீங்கள் ரீமிலயே இல்லை."

"அண்டைக்கு மீன்கடையில ஓமெண்டனி."

"அப்ப பாவம் பாத்தனான்."

அந்தச் சொல்லை நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்தது. அருள்நாயகம் அண்ணை மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அத்தான் யோசப்பைப் பார்த்தார். "தம்பி, இவன் உனக்கும் ஒருநாள் பாவம் பாப்பான், கவனம்" என்றார். எழும்பிப் போனார். ஜக்கற்றின் வலக்கையைப் போட முடியாமல் கதவடியில் நின்றார். யோசப் எழும்பினான். நான் அவனைப் பிடித்து இருத்தினேன்.

நேற்று வேலையால் வர, ரீம் சேட்டு ஒரு பையில் என் கதவுக் கைபிடியில் கொழுவியிருந்தது. தோய்த்து அயன் பண்ணியிருந்தது. நீங்களா அயன் பண்ணினது?

சூடு எடுக்க அவர் போகிறாரா? அதை மட்டும் எழுதுங்கள்.

அன்பு

~

விட்பி
20 ஏப்ரல் 1987

அன்பு,

போனார். முழுவதும் எடுத்து முடித்தார். "இனி இந்தக் கையை ஆருக்காகப் பாதுகாக்கிறது?" என்று சொல்லிவிட்டுத்தான் முதல்நாள் காரில் ஏறினார். தோல் கறுத்துவிட்டது. ஆனால் நோ குறைவு. இரவில் நித்திரை கொள்கிறார். நேற்று உயிர்ப்பு ஞாயிறு, பாஸ்காவுக்கு ஆட்டிறைச்சிக் கறி கேட்டு இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடியும்வரை உன்னைத் திட்டினார். உன் பேர் சொல்வதில்லை, "உன்ர தம்பி" என்பார். நான் "ஓம், ஓம், அவன் சரியில்லைத்தான்" என்று இன்னொரு கரண்டி போட்டேன்.

சேட்டை அயன் பண்ணினது அவர். இடக்கையால். நான் கேட்டதற்குத் தரவில்லை.

நீ இப்போது வரவேண்டாம். வந்தால் உன் முகமே சொல்லிக்கொடுத்துவிடும். உனக்குப் பொய் சொல்ல வாய் வந்தாலும் முகம் வராது.

அக்கா

~

மோர்னிங்சைட்
14 யூன் 1987

அக்கா,

இன்றும் தோற்றோம். யோசப் ஒழுங்காகத்தான் எறிகிறான். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் நான் கீறின மாதிரியே அவிழ்கிறது. அடிக்கிறார்கள். பெடியள் என்னோடு அளவாகத்தான் கதைக்கிறார்கள். "அத்தானைக் கழட்டின மனுசன்" என்று எனக்குப் பேர். வைக்கட்டும்.

ஒருமுறை வரட்டா? கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். அவர் கத்தட்டும். கேட்க விருப்பமாயிருக்கிறது.

அன்பு

~

விட்பி
21 செப்ரெம்பர் 1987

அன்பின் தம்பிக்கு,

யூன் மாதக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. நீயும் செத்தவீட்டில் அதைக் கேட்கவில்லை. நேற்று முப்பத்தோராம் நாள் பூசையிலும் கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டாய். ஆட்கள் நிறைந்த வீட்டில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். இப்போது வீடு அமைதியாகத்தான் இருக்கிறது, பிள்ளை குட்டி இல்லாத வீடு.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, "மோர்னிங்சைட்டுக்கு விடு" என்றார். நான் கார் ஓடப் பழகினது அவருக்குப் பெரிய பகிடி, "பின்னால வாறவன் குருசு போடுறான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பார்க்கின் வேலியோரம் நிற்பாட்டச் சொன்னார். இறங்கமாட்டேன் என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். திரும்பிப் பார்த்திருந்தால் கண்டிருப்பாய். நான் ஹோர்ண் அடிக்கட்டா என்று கேட்க, கையைப் பிடித்துவிட்டார்.

யோசப் எறிவதைக் கனநேரம் பார்த்தார். வாய்க்குள் "மடக்கு, மடக்கு... ஆ, அப்பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"உன்ர தம்பி செய்தது சரிதான். நானெண்டாலும் என்னை வச்சிருக்கமாட்டன்."

திரும்பி வரும்போது உன்னைத் திட்டவில்லை. அன்றிரவு சாப்பிடவுமில்லை. கோபம் போனதோடு சாப்பாடும் போனது, நான் பயந்தமாதிரியே.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில், "அன்புவைக் கூப்பிடட்டா?" என்றேன். "வேண்டாம். இந்தக் கையை அவன் பாக்கவேண்டாம்" என்றார். அதற்குள்ளும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சளி கரையத் தாமதமாகிறது என்றுதான் சொன்னேன். அவர் கேட்காதபோதும் சொன்னேன்.

நீ சரியான ஆள் என்று நினைத்துக்கொண்டு போனார், தம்பி. உன்னை மன்னித்துவிட்டுப் போனார் என்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிய, அது உனக்கு ஆறுதலாயிருக்குமோ தெரியவில்லை.

சமையல் செய்கிறேன். பாதி மிஞ்சுகிறது. ஞாயிற்றுக்கிழமை வா.

அக்கா

~

மோர்னிங்சைட்
30 செப்ரெம்பர் 1987

அன்பின் அக்காவுக்கு,

வருகிறேன். அதற்கு முதல் இதை எழுத வேண்டும். நேரில் என்றால் நீங்கள் சோறு போட்டு என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

வேலியோரம் ஒரு கார் நின்றது எனக்குத் தெரியும். இஞ்சினை நிற்பாட்டாமல் யாரோ பெற்றோலை வீணாக்குகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

சீசன் முடிந்துவிட்டது. கடைசி இடம். நேற்று அருள்நாயகம் அண்ணை கடையில் அடுத்த வருசத்துக்கு ஆட்களைப் பார்க்கக் கூப்பிட்டார். அத்தானின் சேட்டை யோசப்புக்குக் கொடுக்கட்டா என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. அது இன்னும் அவர் கொழுவிவிட்டுப் போன பைக்குள்தான் இருக்கிறது. பைக்குள் கையை விட்டால் சேட்டின் வலக்கைத் தோளடியில் ஒரு மடிப்பு அயன்படாமல் கிடக்கிறது. இடக்கைக்கு அந்த இடம் எட்டவில்லை. உங்களிடம் கொண்டுவருகிறேன், அயன் பண்ண வேண்டாம்.

வேலியோரம் காருக்குள் இருந்து அவர் சொன்னது பிழை, அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய கை விறைப்பு, வேகம் இல்லை, வயது கூட. நான் போன ஒக்ரோபரில் உங்களுக்கு எழுதின ஒவ்வொரு காரணமும் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. பந்து உருண்டு போகட்டும். கால்மேசு மாதிரிக் காலடியில் விழட்டும். நான் போய்ப் பொறுக்கிக் கொடுப்பேன்.

நானெண்டா வச்சிருப்பன், அக்கா.

அன்பு